கச்சேரிக்குப் போகும் பை

ஆலங்குளம் என்றால் பலரும் தென்காசிப் பக்கம் இருக்கிற பெரிய ஆலங்குளத்தைத்தான் நினைக்கிறார்கள். நான் சொல்வது ராஜபாளையத்துக்குத் தென்கிழக்கே, கரிசக்காட்டுக்கு நடுவில் இருக்கிற ஆலங்குளம். ‘சிமெண்ட் ஆலை ஆலங்குளம்’ என்றால் உடனே புரியும். 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்த பிறகு ஒட்டிக்கொண்ட அடையாளம் அது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பங்குனி பிறந்து வைகாசி முடிகிற வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் அம்மன் கோயில் பொங்கல் நடந்துகொண்டே இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மனுக்குப் பங்குனியில் பூக்குழி. அப்புறம் ஊர் ஊராகக் காப்புக்கட்டு, முளைப்பாரி, அக்கினிச்சட்டி. பகலில் சாமி, ராத்திரியில் பாட்டு. ஒரு நாள் வில்லுப்பாட்டு, ஒரு நாள் நையாண்டி மேளத்தோடு கரகாட்டம், கடைசி நாள் சினிமாப் பாட்டுக் கச்சேரி. ‘கோடைக்கால இசை விழா’ என்று யாரும் நோட்டீஸ் அடிப்பதில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக்கு இசை விழா என்றால் இதுதான்.

ஆறு வயதில் ஒரு மகள், இரண்டு வயதில் ஒரு மகன். இவர்களோடு வருஷா வருஷம் ஊருக்குப் போகிறேன் என்பதால் வெளியூரில் வாழ்கிற தோழிகள் சித்திரை நெருங்கும்போது என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “பிள்ளைகளோட ராத்திரிக் கச்சேரிக்குப் போறோம், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?” பட்டியல் கேட்கிறார்கள். பட்டியல் சுலபம், கீழே சொல்லத்தான் போகிறேன். ஆனால் பையில் என்ன வைக்கிறோம் என்பதைத் தீர்மானிப்பது வேறொரு கேள்வி: பிள்ளை அங்கே என்ன செய்யப்போகிறது? விழித்திருந்து பார்க்கப்போகிறதா, தூங்கப்போகிறதா?

இன்றைக்குக் கட்டப்படுகிற பைகள் எல்லாம் பிள்ளை விழித்திருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டப்படுகின்றன. சிப்ஸ், பிஸ்கட், வண்ணப் பென்சில், கார் பொம்மை, சார்ஜ் போட்ட டேப்லெட், அது தீர்ந்தால் பவர் பேங்க். அதாவது கச்சேரியிலிருந்து பிள்ளையின் கவனத்தைத் திருப்புவதற்கான சாமான்கள். பாட்டுக் கேட்க அழைத்துப்போய், பாட்டுக் காதில் விழாதபடி பார்த்துக்கொள்கிறோம். பத்து மணிக்குப் பிள்ளை கண்ணைக் கசக்கும். “சரி, தூக்கம் வந்துருச்சு, கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவோம். மேடையில் அப்போதுதான் மைக் டெஸ்ட் முடிந்திருக்கும்.

எங்கள் அம்மாச்சி கட்டிய பை நேரெதிர். பை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு கோரைப்பாய், அதற்குள் சுருட்டிய இரண்டு பழைய சேலைகள், ஒரு தூக்குவாளிப் புளிச்சோறு, ஒரு சொம்புத் தண்ணீர். அவ்வளவுதான். பாய் படுக்க. ஒரு சேலை விரிக்க, ஒன்று மூட. கைக்குழந்தை இருந்தால் வண்டிச் சட்டத்தில் தூளி கட்டவும் அதே சேலை. பிள்ளைகள் தூங்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தூங்கின பிறகுதான் அவளுக்குக் கச்சேரி ஆரம்பிக்கும். “பிள்ள முழிச்சிருந்தா பாட்டு யாருத்தா கேக்குறது?” என்பாள்.

அந்த ராத்திரிகளின் அமைப்பே அப்படித்தான் இருந்தது. வில்லுப்பாட்டில் கதை மெதுவாக நகரும். புலவர் ஒரு அடி பாட, பக்கப்பாட்டுக்காரர்கள் ‘ஆமா’ போட, வீசுகோல் வில்லின் நாணில் விழ, குடம் தொம் தொம்மென்று அடியில் ஓடிக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் தூங்கி விழித்தாலும் கதை கைவிட்டுப் போகாது. நாயனமும் அப்படித்தான். காருகுறிச்சி அருணாசலம் 1964-ல் காலமானவர், கோவில்பட்டியில் வாழ்ந்தவர். இந்தக் கரிசல் பூமி அவரைத் தன் சொந்தக்காரராகவே நினைத்தது. சாமி புறப்பாட்டோடு ராகம் ஆலாபனை என்று ராத்திரி நீளும்போது ஒரு பக்கம் ஜனம் தூங்கும், ஒரு பக்கம் விழித்திருக்கும். தூங்குகிறவனை யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை. ராகத்தைப் பெயர் சொல்லத் தெரியாதவர்கள்கூட இந்த ஊர்களில் நல்ல வாசிப்பையும் சுமார் வாசிப்பையும் பிரித்துச் சொல்வார்கள். தூக்கத்தில் கேட்டு வளர்ந்த காது அது என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஆகவே முதல் விஷயம்: பிள்ளை தூங்குவதற்கான பையைக் கட்டுங்கள்.

எங்கே படுக்க வைப்பது என்பது அடுத்தது. அம்மாச்சி காலத்தில் மாட்டு வண்டியைத் திடலின் ஓரத்தில் அவிழ்த்துவிட்டு, உள்ளே வைக்கோல் பரப்பி, பிள்ளைகளை வரிசையாகக் கிடத்துவார்கள். வசதிக்காக மட்டும் இல்லை. கோடையில் ராத்திரியில்தான் பூச்சி பொட்டு நடமாடும். கரிசலில் தேளுக்குப் பஞ்சமில்லை. கட்டுவிரியன் ராத்திரியில் இரை தேடுகிற பாம்பு, தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் அது அதிகம் கடிக்கிறது. பல நேரம் கடித்த இடத்தில் வலிகூட இருக்காது. அதனால் பிள்ளை தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் படுத்திருந்தால் பாதிக் கவலை போச்சு. இப்போது மாட்டு வண்டி இல்லை. டிராக்டர் டிரெய்லர் இருக்கிறது, ‘குட்டி யானை’ என்று நாம் சொல்கிற சின்ன லோடு வண்டி இருக்கிறது, மடக்குக் கட்டில் இருக்கிறது. எதுவும் இல்லையென்றால் தெரிந்த வீட்டுத் திண்ணை. ஒரு கொசுவலை, ஒரு நல்ல டார்ச். போன் வெளிச்சம் போதும் என்று நினைக்காதீர்கள். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளை ‘ஒண்ணுக்கு’ என்று எழும்போது போனில் பத்து சதவீதம்தான் இருக்கும்.

இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி என்று ஓர் இசை விழா. எங்கள் சிமெண்ட் ஆலையைப் போல அதுவும் 1970-ல் பிறந்தது, ஒரு மாட்டுப் பண்ணையில். முதல் வருஷம் டிக்கெட் ஒரு பவுண்டு, கூடவே பண்ணைப் பால் இலவசம். இப்போது லட்சக்கணக்கில் ஜனம் கூடுகிறது, பிள்ளைகளும் உண்டு. அந்தக் கூட்டங்களின் படங்களில் இரண்டு சாமான்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, இழுத்துக்கொண்டு போகிற நாலு சக்கரக் கைவண்டி. அதற்குள் மெத்தை, போர்வை, தூங்குகிற பிள்ளை. அம்மாச்சியின் வண்டிதான், மாடு மட்டும் இல்லை. இரண்டாவது, பிள்ளைகளின் தலையில் பெரிய காதுமூடி. ஹெட்போன் மாதிரி இருக்கும், ஆனால் பாட்டு வராது, சத்தத்தைத் தடுக்கும். அம்மாச்சியின் பாய்க்குள் இல்லாத சாமான் இது ஒன்றுதான். அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

இன்றைக்கு நமக்குத் தேவைப்படுகிறது. அதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

*

நாயனமும் தவிலும் பக்கத்தில் நின்றால் காதைப் பிளக்கிற வாத்தியங்கள்தான். ஆனால் வாசிப்பவருக்கு மூச்சு வாங்கும், கை வலிக்கும், காப்பி குடிக்கப் போவார். நடுநடுவே காதுக்கு ஓய்வு கிடைத்துவிடும். அப்புறம் குழாய் ரேடியோ வந்தது. பனைமரத்தில் கட்டிய குழாய் காரக்குரலில் கத்தும், காற்றடிக்கிற பக்கம் போய்விடும். இப்போது மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பாக்ஸ் அடுக்குகிறார்கள். அதன் அடி ஒலி காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் இடிக்கிறது. அது ஓய்வதும் இல்லை. பாடகர் தண்ணீர் குடிக்கப் போனால் பென்டிரைவ் பாடுகிறது.

சத்தத்தை டெசிபலில் அளப்பார்கள். இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்று டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு, காது அதைத் தாங்குகிற நேரம் பாதி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபலை வாரம் 40 மணி நேரம் வரை சரி என்கிறது. பிள்ளைகளுக்கு 75 டெசிபல்தான். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், 90 டெசிபல் சத்தத்தில் ஒரு பிள்ளை வாரத்துக்கே ஒன்றேகால் மணி நேரம்தான் இருக்கலாம். 90 என்பது பெரிய சத்தமே இல்லை, கச்சேரித் திடலில் சாதாரணம். அதே நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்கென்று ஒரு தரம் வகுத்தது: 15 நிமிஷச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, காதுக்கு அடைப்பான் கிடைக்க வேண்டும், சத்தம் குறைவான ஓய்விடம் இருக்க வேண்டும். நம் திடலில் ஓய்விடம் வேண்டுமென்றால் கண்மாய்க் கரைதான்.

நம் ஊர்ச் சட்டமும் ஒன்றும் சும்மா இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை தளர்த்தலாம். வெடிக்கும் கணக்கு உண்டு. வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது. சிவகாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறபோது எனக்கே சிரிப்பு வருகிறது. சாமி வந்து இறங்கும்போது பத்தாயிரம் வாலா கொளுத்தாத ஊர் எது? சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விழாக் கமிட்டியிடம் போகிற தைரியம் எனக்கு இல்லை. கமிட்டியில் இருப்பவர்கள் பூராவும் மாமன் மச்சான்கள். பையில் ஒரு காதுமூடி வைக்கிற தைரியம் இருந்தது.

பஞ்சு வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். ராஜபாளையத்தில் பஞ்சுக்கா பஞ்சம்? ஆனால் பஞ்சு சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. தடுக்கிறது என்ற நிம்மதியைத்தான் கொடுக்கும். நுரை அடைப்பான்கள் பெரியவர்களுக்குச் சரி. சின்னப் பிள்ளைகளின் காதுத் துளைக்குப் பொருந்தாது, பிடுங்கி வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். பிள்ளைகளுக்கென்று விற்கிற காதுமூடி ஏறக்குறைய 20 டெசிபல் குறைக்கும். மேலே சொன்ன கணக்கில் அது பெரிய வித்தியாசம்.

காசே செலவில்லாத இன்னொரு வழி, பாயை எங்கே விரிக்கிறோம் என்பது. வெட்டவெளியில் ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிப்பானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். இருபதடியில் விரித்த பாயை நாற்பதடிக்குத் தள்ளினால் காதுக்கு நாலு மடங்கு நேரம் கிடைக்கிறது. எண்பதடிக்குத் தள்ளினால் பதினாறு மடங்கு. ‘முன்னாடி எடம் பிடிச்சு வச்சிருக்கேன் மதினி, வாங்க’ என்று யாராவது அன்பாகக் கூப்பிட்டால், அன்பை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

முதல் வருஷம் மகளுக்குக் காதுமூடி மாட்டியபோது திடலில் ஒரே சிரிப்பு. “என்னத்தா, பிள்ள பிளேன் ஓட்டப்போகுதா?” என்று ஒரு சித்தப்பா கேட்டார். “இம்புட்டுக் காலம் நாங்கள்லாம் செவிடாவா போயிட்டோம்?” என்று ஓர் அத்தை. நான் பதில் சொல்லவில்லை. சொன்னது பெரிய மாமா.

பெரிய மாமா முப்பது வருஷம் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர். ராஜபாளையத்துப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் மில்லுக்குப் போன காலம் அது. ரிங் பிரேம் ஓடுகிற ஷெட்டுக்குள் பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று நம் நாட்டில் வரம்பு. அதைத் தாண்டினால் காப்பு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் காகிதத்தில் இருந்தது. மாமா பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வாராம். ஓய்வு பெற்றபோது அவருக்குக் காது பாதி போயிருந்தது. சத்தத்தால் வருகிற செவிட்டுத்தன்மை ஒரேயடியாக வராது. மேல்கட்டை ஒலிகள் முதலில் போகும், கீழ்க்கட்டை ரொம்ப நாள் மிச்சமிருக்கும். உள்காதில் இருக்கிற மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. அதனால் மருந்தும் இல்லை.

மாமா நையாண்டி மேளப் பைத்தியம். நாயனம், தவில், பம்பை, தமுக்கு, தாளம் எல்லாம் சேர்ந்து இறங்குகிறபோது அவருக்குத் தலை தானாக ஆடும். அன்றைக்கு அத்தையின் கேள்வி அவர் காதில் விழவில்லை. யாரோ சைகை காட்டிச் சொன்னார்கள். அவர் என் மகளைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்து, நழுவியிருந்த காதுமூடியைச் சரியாக அழுத்தி வைத்தார். அப்புறம் தன் வழக்கமான உரத்த குரலில் சொன்னார்: “எனக்கு இப்போ தவில் மட்டுந்தான் கேக்குது. நாயனக்காரன் கன்னம் உப்புறது தெரியுது, ஊதுறது தெரியல.”

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் திடலில் இன்னும் இரண்டு பிள்ளைகள் காதுமூடியோடு இருந்தார்கள். ஒன்று அதே அத்தையின் பேரன்.

*

இனிப் பட்டியல்.

தண்ணீர், நினைப்பதைப் போல இரண்டு மடங்கு. கரிசல் மண் பகலில் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரைக்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கத்திரி வெயில் நாட்களில் சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பு சீக்கிரம் சூடேறும், அவர்கள் கேட்டுக் குடிக்க மாட்டார்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு. அது கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு சின்னக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் மட்டும்தான். அடிக்கடி கொடுத்தால் போதும், தண்ணீர் வேண்டாம்.

சாப்பாட்டில் புளிச்சோறு. அதற்கு மேல் நான் ஆராய்ச்சி செய்யவில்லை. புளியும் நல்லெண்ணெயும் ராத்திரியைத் தாண்டித் தாங்கும். தயிர்ச்சோறு பன்னிரண்டு மணிக்குப் புளித்துவிடும். காய்ச்சிய பாலைப் பிளாஸ்க்கில் மணிக்கணக்காக வைத்திருப்பது கிருமிக்கு விருந்து. வெந்நீரைப் பிளாஸ்க்கிலும் பால் பவுடரைத் தனியாகவும் வைத்துக்கொண்டு வேண்டும்போது கலக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வந்தால் பால்கோவா வாங்காமல் இருக்க முடியாது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு அது, மதிப்புக் கொடுங்கள். திரும்பும்போது வாங்குங்கள்.

துணியில், சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணி. ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போகிற இந்த மெல்லிய வெள்ளைத் துணியைத்தான். இரண்டு கஜம் போதும். நனைத்துக் கழுத்தில் போட்டால் சூடு இறங்கும், வேர்வை துடைக்கலாம், புழுதி கிளம்பினால் தூங்குகிற பிள்ளையின் முகத்துக்கு மேலே தடுப்பாகக் கட்டலாம், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் அதன் சொந்த வேலைக்கே ஆகும். மாற்று ஜட்டிகள், பருத்திச் சட்டை ஒன்று, விடியற்காலத்துக்கு ஒரு போர்வை.

பிள்ளையின் கையில் அழியாத மையால் ஒரு போன் நம்பர். திருவண்ணாமலை கார்த்திகை தீபத்தில் பிள்ளைகளின் மணிக்கட்டில் பெற்றோர் நம்பர் எழுதிய பட்டையைப் போலீசே கட்டிவிடுகிறது. நம் திடலுக்கு அதை நாமே செய்துகொள்ள வேண்டும். இரண்டு நம்பர் எழுதுங்கள், ஒன்று திடலுக்கு வராத யாருடையதாவது. கச்சேரிச் சத்தத்தில் உங்கள் போன் அடிப்பது உங்களுக்குக் கேட்காது. உள்ளே நுழைந்ததும் தொலைந்தால் எங்கே நிற்க வேண்டும் என்று பிள்ளைக்கு ஓர் இடத்தைக் காட்டுங்கள். மேடை வேண்டாம், கொடிமரம் அல்லது வேப்பமரம்.

கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊர்த் திடலில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். பெரிய விழாக்கள் அப்படியில்லை. 2022 சித்திரைத் திருவிழாவில் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். 2023 செப்டம்பரில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில், டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் பிள்ளைகளோடு திணறியதை நாடே பார்த்தது. அப்படிப்பட்ட கூட்டத்துக்குப் பையில் எதை வைத்தாலும் போதாது. அங்கே ஒரே விதிதான்: தோளோடு தோள் உரசத் தொடங்கிய உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய்விடுவது. பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

*

இத்தனையும் வைத்தால் பை ஏழெட்டுக் கிலோ வருகிறது. கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. அதை யார் தூக்குவது?

திடலைச் சுற்றிப் பார்த்தால் தெரியும். பை இருக்கிற தோள் எல்லாம் பெண்களின் தோள். அவர்கள் முகம் மேடையைப் பார்த்திருக்காது. ஒருத்தி பாட்டிலின் மூடியைத் திறந்துகொண்டிருப்பாள். ஒருத்தி ஜட்டி மாற்றிக்கொண்டிருப்பாள். ஒருத்தி, தூங்கிய பிள்ளை எழுந்துவிடுமோ என்று உடம்பை அசைக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஆண்கள் மேடைக்கு முன்னால் நிற்பார்கள், விசில் அடிப்பார்கள், நடுவில் ஒருமுறை வந்து “எல்லாம் ஓகேவா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பையைக் கட்டியவளுக்கு அதற்குள் என்ன எங்கே இருக்கிறது என்று தெரியும் என்பதாலேயே ராத்திரி முழுக்க அவள்தான் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பை கனக்கக் கனக்க அவளுக்குப் பாட்டுக் குறைகிறது.

அம்மாச்சியின் பாய்க்கு இந்தப் பிரச்சினை ஏன் இல்லை என்று யோசித்தேன். சாமான் குறைவு என்பது ஒரு காரணம்தான். அந்த வண்டியில் படுத்திருந்தது அவள் பிள்ளைகள் மட்டும் இல்லை. நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரே வைக்கோலில் கிடந்தோம். யாராவது ஓர் ஆச்சி வண்டிப் பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டு விழித்திருப்பாள். அவளுக்குக் கண் கட்டினால் இன்னொருத்தி வருவாள். எந்தப் பிள்ளை அழுதாலும் பக்கத்தில் இருப்பவள் தட்டிக்கொடுப்பாள். முறை வைத்துக் காவல் இருந்ததால் முறை வைத்துப் பாட்டுக் கேட்டார்கள். நாம் இன்றைக்குக் கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் தனித்தனிக் காரில் வருகிறோம், தனித்தனியாகப் பை கட்டுகிறோம், தனித்தனியாகப் பாய் விரிக்கிறோம். பத்து பாயில் பத்து தாய்மார்கள் விழித்திருக்கிறார்கள். ஒருத்தியும் பாட்டுக் கேட்கவில்லை.

பழைய காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆச்சிகளும் பெண்கள்தான். அவர்களிலும் முறை வராமலே விடிந்துபோனவர்கள் இருந்திருப்பார்கள். இந்தக் காலத்தில் முறையை ஆண்களும் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு வழியை நாம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. நான் கண்ட வழி மூன்று. ஒன்று, பையைப் பிள்ளையின் அப்பாவும் சேர்ந்து கட்டுவது. எது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்தால் “பாட்டில் எங்க?” என்ற கேள்வி வராது. இரண்டு, பத்து மணிக்குப் பையைக் கைமாற்றுவது. பை யாரிடமோ பிள்ளையும் அவரிடம். மூன்று, நாலு வீட்டுப் பாயை ஒன்றாக விரிப்பது. எங்கள் வீட்டில் நான், மதினி, ஒரு சித்தி, மதினியின் தம்பி என்று நாலு பேர் இப்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருவராகக் காவல் இருக்கிறோம். மதினியின் தம்பிக்குக் கல்யாணமே ஆகவில்லை. பிள்ளைக்கு ஜட்டி மாற்றுவதில் அவனுக்கு இணை யாரும் இல்லை.

பெரிய மாமா தானாகவே சேர்ந்துகொண்டார். “எனக்குத்தான் நாயனம் கேக்காதே, நான் பாத்துக்கிறேன், நீ போய்க் கேளு” என்றார். அதைக் கேட்டு எழுந்து போவது எனக்கு லேசாக இல்லை. ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போனேன். நையாண்டி மேளக்காரர்கள் நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால், கரகம் இறக்கி வைத்த பிறகு, மைக்கைத் தள்ளிவிட்டு வெறும் வாத்தியமாகக் கொஞ்ச நேரம் வாசித்தார்கள். பிள்ளைகள் பிறந்த பிறகு ஒரு வாசிப்பை முதலிலிருந்து கடைசி வரை நான் கேட்டது அதுதான். திரும்பி வந்தபோது மாமா சின்னவனின் முதுகில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. “இன்னைக்குத் தவில் நல்லா இருந்துச்சு, என்ன?” என்றார். நாயனம் எப்படி இருந்தது என்று நான் அவருக்குச் சொன்னேன். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை, காதுமூடி இருந்தது.

ஆகவே தோழிகளே, பட்டியலை எழுதும்போது முதல் வரியில் ஆட்களின் பெயரை எழுதுங்கள். பிள்ளையைத் தூங்க வைக்க ஓர் இடம், காதுக்கு ஒரு மூடி, காவலுக்கு மூன்று பேர். தண்ணீரும் புளிச்சோறும் அதற்கப்புறம். பிள்ளை தூங்கிவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள். அப்போதுதான் உட்கார வேண்டும்.